அலமாரிக்குச் செய்த நீலம்

பிப்ரவரி பிறந்தால் பர்னபே தோயேவுக்குப் பன்னிரண்டு ஸ்கூட்டர்கள் வந்து சேரும். வாகடூகு நகரத்தில், குங்கென் பேட்டையில், சாலையோரத்து வேப்பமரத்தின் கீழே ஒரு கம்ப்ரசர், இரண்டு ஸ்ப்ரே கன், காற்றுக்குத் தடுப்பாக நாலு தகரம். இவ்வளவுதான் அவனுடைய பட்டறை. பன்னிரண்டு வண்டியும் பேட்டைப் பிரசவ விடுதியின் மருத்துவச்சிகளுடையவை. எந்தக் காலத்திலோ ஒரு வெளிநாட்டு உதவி அமைப்பு வந்து, கைகுலுக்கி, போட்டோ எடுத்துக்கொண்டு, அதற்குப் பதிலாகக் கொடுத்துவிட்டுப் போனவை. ஊரே பிளாஸ்டிக் உடம்பு வண்டியில் பறக்கும்போது இவை மட்டும் தலை முதல் வால் வரை இத்தாலிய இரும்புத் தகடு.

மார்ச் எட்டாம் தேதி பெண்கள் தின ஊர்வலத்தில் பன்னிரண்டும் ஒரே நீலத்தில் வரிசையாகப் போகவேண்டும். தோயே ஒடுக்கில் பட்டி போட்டு, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்து, நீலம் அடித்துக் கொடுப்பான். மார்ச் எட்டன்று அந்த வண்டிகளில் முகம் பார்த்துத் தலை வாரலாம். ஏப்ரலில் செம்மண் சாலையின் சரளை மட்கார்டைக் கொத்தத் தொடங்கும். மே மாதம் பெட்ரோல் சிந்திய இடமெல்லாம் கொப்புளிக்கும். மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொரு வண்டியும் நீலக் கடலும் துருப்பிடித்த கண்டங்களுமாக உலக வரைபடம்போல் ஆகிவிடும். அடுத்த பிப்ரவரியில் மறுபடி வேப்பமரத்தடிக்கு வரும். பதினோரு வருடமாக நடந்த இந்த ஏற்பாட்டில் தோயேவுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

குறை இருந்ததெல்லாம் தலைமை மருத்துவச்சி தப்சோபாவுக்குத்தான். பேட்டையின் பாதி ஜனத்தை இந்த உலகத்துக்குள் இழுத்துப் போட்டவர் அவர். கையும் குரலும் அதற்கேற்றபடி இருக்கும்.

"ஏண்டா நாய்த்தின்னி, ஆண்டவன் மழையையே நாலு மாசம் தங்க வெக்கிறான். உன் பெயிண்ட்டு மூணு மாசம் நிக்க மாட்டேங்குதே?"

"அக்கா, மோசிக்காரங்க உட்கார்ற வண்டி. பெயிண்ட்டுக்கும் மானம் இருக்குமில்ல? எறங்கி ஓடிடுது."

"உங்க தாத்தா எங்க தாத்தாவுக்கு அடிமை. அந்த மரியாதை இருக்கட்டும்."

"உங்க தாத்தாவை எங்க தாத்தா சந்தையில வாங்கி, சரியில்லைன்னு திருப்பிக் குடுத்ததா எங்க வீட்டுல கதை."

தோயே சாமோ, தப்சோபா மோசி. சாமோ என்றால் நாய்க்கறி தின்பவன், மோசி என்றால் கழுதை என்பது பழைய கேலி. இந்த இரண்டு இனமும் பார்த்த இடத்தில் திட்டிக்கொள்ளலாம், திட்டியே ஆகவேண்டும். கோபித்துக்கொள்ளத்தான் கூடாது. இந்த முறை எத்தனை தலைமுறையாக நடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. இதில் ஒரு இடைஞ்சல் இருக்கிறதென்று தோயேவுக்கும் அந்த வருடம் வரை தெரியாது.

டிசம்பரில் அந்தப் பேட்டையிலேயே பிறந்த மோசிக்காரன் ரஸ்மானே பொங்குங்கு இத்தாலியிலிருந்து திரும்பி வந்தான். ஒன்பது வருடம் பிரேஷா நகரத்தில், இரும்பின்மேல் வண்ண மாவைத் தூவி அடுப்பில் சுட்டு ஒட்டவைக்கும் பவுடர் கோட்டிங் தொழிற்சாலையில் இருந்தவன். மத்தியான வெயிலிலும் கழற்றாத ஒரு கம்பளிக் கழுத்துத்துணியோடும், ஒரு அறை அளவு அடுப்போடும் வந்திறங்கினான். வேப்பமரத்துக்கு எதிர்ச்சாரியில், நூறு அடி தள்ளி, ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்துப் பலகை மாட்டினான்: "இத்தாலியா பூச்சு. ஒருமுறை சுட்டால் இருபது வருடம்."

தோயே அந்தப் பலகையை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தான். இருபது வருடம் எந்த மனிதனும் ஒரே சொல்லில் நிற்பதை அவன் பார்த்ததில்லை. இரும்பைச் சொல்வானேன்!

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஜனம் தெருவுக்கு வரும் நேரமாகப் பார்த்துப் பொங்குங்கு ஒரு மேஜையைப் போட்டான். மேஜைமேல் இரண்டு மட்கார்டுகள். ஒன்று தோயே போன வருடம் தப்சோபாவின் வண்டிக்கு அடித்தது. இன்னொன்று அடுப்பிலிருந்து வந்தது.

"வா வா, என் அடிமையே! முன்னால வந்து நில்லு. உன் கைவேலையை ஜனங்க பாக்கட்டும்."

தோயே முன்னால் போய் நின்றான். போகாவிட்டால் பயந்துவிட்டான் என்பார்கள். பொங்குங்கு ஆணியால் இரண்டையும் கீறினான். தோயேயின் பெயிண்ட் சுருள் சுருளாகக் கிளம்பியது. மற்றதில் வெறும் கோடு. சுத்தியலால் தட்டினான். இங்கே சில்லு தெறித்தது, அங்கே குழி விழுந்தும் பூச்சு விடவில்லை. பெட்ரோலில் நனைத்த துணியை இரண்டின் மேலும் போட்டுவிட்டு, பிரேஷாவில் பனி எப்படிப் பெய்யும் என்பதைப் பத்து நிமிடம் விளக்கினான். துணியை எடுத்தபோது தோயேயின் நீலம் துணியோடு போய்விட்டது.

"சாமோக்காரன் பெயிண்ட்டுக்குப் பெட்ரோல்னா உசிரு. கூப்பிட்டா உடனே கூடவே போயிடும்!" என்றான் பொங்குங்கு. ஜனம் கைகொட்டிச் சிரித்தது. தோயேயும் சிரித்தான், முறைப்படி. வீட்டுக்குப் போகும் வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. பொங்குங்குவின் வேலை நன்றாக இருந்தது. அதுதான் அவனுக்குப் பெரிய எரிச்சல்.

பிப்ரவரி பிறந்தது. பன்னிரண்டு ஸ்கூட்டர்களும் வேப்பமரத்தைத் தாண்டி எதிர்ச்சாரிக்குப் போயின. ஒவ்வொன்றாகப் போகும்போது ஒவ்வொரு மருத்துவச்சியும் ஹாரன் அடித்துவிட்டுப் போனாள், மரியாதைக்கு.

மூன்றாம் நாள் பொங்குங்குவே வேப்பமரத்தடிக்கு வந்தான். பட்டி வைத்த தகடு அடுப்புக்குள் போனால் அப்பம்போல் உப்பி வெடித்துவிடுகிறதாம். பழைய பெயிண்ட், பட்டி எல்லாவற்றையும் சுரண்டி, ஒடுக்கை வெறும் சுத்தியலால் நிமிர்த்த ஆள் வேண்டுமாம்.

"பேட்டையில தகடு நிமிர்த்தத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். நான் பொய் சொல்லல பாரு."

"பிரேஷாவுல சொல்லித் தரலையா?"

"அங்க எல்லாம் புதுத் தகடு. உன்னை மாதிரி ஒடுங்கினது எதுவும் வராது."

தோயே போனான். பதினோரு வருடமாக அவனே அப்பிய பட்டியை அவனே பத்து நாள் உட்கார்ந்து சுரண்டினான். சில இடத்தில் பட்டி விரல்கனம் இருந்தது. ஒரு வண்டியில் தகடைவிடப் பட்டிதான் அதிகம் என்று பொங்குங்கு எல்லோரும் கேட்கும்படி அறிவித்தான்.

அந்தப் பத்தாம் நாள்தான் தோயே மாவுப் பெட்டிகளைப் பார்த்தான். அடுப்புக்குப் பின்னால் சுவரோரம் அடுக்கியிருந்தன. பெட்டியில் ஒரு படம் அச்சிட்டிருந்தது: ஆபீசில் காகிதம் வைக்கிற இரும்பு அலமாரி. பக்கத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டி. எழுத்து இத்தாலி பாஷை. ஆனால் நடுவில் பெரிதாக இருந்த ஒரு சொல் எந்த பாஷையிலும் அதேதான். எபாக்ஸி.

தோயேயின் பிரைமரும் அதே ஜாதி. தகட்டை விடாமல் பிடிக்கும், துருவை உள்ளே விடாது, பெட்ரோலுக்கு அசையாது. ஆனால் மேலே வேறு பெயிண்ட் போட்டு மூடாமல் வெயிலில் விட்டால், வாகடூகு வெயிலில், ஒரே கோடையில் சுண்ணாம்பாகி விரலில் ஒட்டும். இதை அவன் யாரிடமும் கற்கவில்லை. பிரைமர் மட்டும் அடித்துப் பணம் கட்ட முடியாமல் ஆள் விட்டுவிட்டுப் போன ஒரு வண்டி மரத்தடியில் ஒரு வருடம் கிடந்தபோது கண்ணால் பார்த்தது.

"பொங்குங்கு, இந்த மாவு வீட்டுக்குள்ள வைக்கிற சாமானுக்கு. வெயில்ல நிக்காது."

பொங்குங்கு ஒரு கணம் அவனைப் பார்த்தான். பிறகு கொட்டகையே அதிரச் சிரித்தான். "கேட்டீங்களா! பத்து நாளா இதுக்குத்தான் மூளையைக் கசக்கியிருக்கான்!"

"கேலி பண்ணல. நெஜமாச் சொல்றேன்."

"நெஜமாச் சொல்றானாம்! மூஞ்சியைப் பாருங்க, சாவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி எப்படி வெச்சிருக்கான்!"

தோயே தொப்பியைக் கழற்றினான். நெஞ்சில் கை வைத்தான். அது இன்னும் நன்றாக எடுபட்டது; வேலைக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

தொப்பியைக் கையில் பிடித்தபடியே பிரசவ விடுதிக்குப் போனான். தப்சோபா வாசலில் ஒரு கையில் பேரேடும் மறு கையில் கோலாக் கொட்டையுமாக நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, ஒரு சமாசாரம். அந்த நீலம் கோடைக்குள்ள வெளுத்துடும். சுண்ணாம்பா உதிரும். உங்க துணியெல்லாம் ஒட்டும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? அதான்."

"இவ்வளவுதானா? போன வருஷம் நல்லாத் திட்டினே. வயசாகுதுடா உனக்கு." அவர் கோலாக் கொட்டையில் பாதியை உடைத்து அவன் கையில் வைத்தார். "நல்லா மென்னுட்டு, நாளைக்கு வேற யோசிச்சிட்டு வா."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பாதிரியார் இல்பூதோவைப் பிடித்தான். கோயில் படியில் நின்று, வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொல்லத் தயார் என்றான். பாதிரியாரும் மோசிதான். அவர் அவன் தோளில் தட்டினார். "பர்னபே, பரிசுத்த வேதத்தை இதுக்கெல்லாம் இழுக்காதே. ஆனாலும் நல்லா இருந்தது. அந்தச் சுண்ணாம்பு... அருமை" என்று சொல்லிவிட்டு உள்ளே போகும்வரை அவருடைய முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.

மிச்சம் இருந்தது வீடு. அங்கேயும் நிலைமை சுகமில்லை. மனைவி ஓதீல் மோசி.

"பத்தொன்பது வருஷக் குடித்தனத்துல மோசிக்காரனைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்லியிருக்கியா நீ?" என்றாள், களியைத் தட்டில் வைத்தபடியே.

"உன்னைக் கட்டிக்கிட்டேனே. அது பத்தாதா?"

"அப்ப இதை மட்டும் யாரு நம்புவா?"

"நீயாவது நம்பேன்."

ஓதீல் வெண்டைக்காய்க் குழம்பை ஊற்றினாள். "நம்புறேன்னே வெச்சுக்க. நான் போய்ச் சொன்னா என்ன சொல்வாங்க? பாவம், புருஷன் சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்கான்னு சிரிப்பாங்க. சாப்பிடு."

மார்ச் எட்டு வந்தது. அந்த வருடத்துப் பெண்கள் தினத்துக்கென்று அச்சிட்ட துணியை உடுத்திக்கொண்டு மருத்துவச்சிகள் வரிசையாக வந்தார்கள். தோயே கூட்டத்தில் நின்று பார்த்தான். குறை சொல்ல வேண்டுமென்றுதான் வந்திருந்தான். பன்னிரண்டு நீலமும் ஒரே வார்ப்பில் எடுத்தவைபோல் இருந்தன. ஒரு வழிசல் இல்லை, ஒரு கொப்புளம் இல்லை. மேடையில் ஒரு பெரிய மனிதர் எழுந்து நின்று, பெண்களின் உறுதியைப் பற்றிப் பேச ஆரம்பித்து, பாதியில் ஸ்கூட்டரின் உறுதியைப் பற்றிப் பேசி முடித்தார். பொங்குங்குவைத் தோளில் தூக்காத குறை. அவன் கழுத்துத்துணியை ஆட்டிக் கைகாட்டினான். தோயேவைப் பார்த்ததும், "என் அடிமை அழுவுறான், யாராவது கைக்குட்டை குடுங்க!" என்று கூவினான்.

பிறகு ஏப்ரல் வந்தது. வாகடூகுவின் ஏப்ரல் யாரிடமும் கேலிமுறை வைத்துக்கொள்வதில்லை. நிழல் கிடைக்காத நாய்கள், நிறுத்தியிருந்த லாரிகளின் அடியில் போய்ப் படுத்தன. பிரசவ விடுதி முற்றத்தில் பன்னிரண்டு ஸ்கூட்டர்களும் காலை ஏழு மணி முதல் சாயங்காலம் வரை வெட்டவெளியில் நின்றன.

முதலில் பளபளப்பு போனது. தூசி என்று துடைத்தார்கள். துடைத்த துணி நீலமானது. வண்டி மறுபடி பளபளத்தது. பரவாயில்லை என்றிருந்தார்கள். ஒரு வாரத்தில் மறுபடி மங்கியது. மே மாதக் கடைசியில் பன்னிரண்டும், நெடுநாள் துவைத்த பள்ளிச் சட்டையின் நிறத்துக்கு வந்து, மேலே மாவு பூத்து நின்றன. அந்த மாவு மருத்துவச்சிகளின் ரோஜா நிற உடுப்பில் முழங்கால், தொடை, இருக்கை என்று பாகுபாடில்லாமல் ஏறியது. பிரசவ அறையில் ஒரு பெண் வலியின் நடுவே கண்ணைத் திறந்து, "மதாம், உங்களுக்கு அங்கே என்ன ஆச்சு?" என்று கேட்டாளாம். தப்சோபாவுக்கு அன்றோடு பொறுமை போய்விட்டது.

மறுநாள் காலை பன்னிரண்டு ஸ்கூட்டர்களும் வேப்பமரத்தடியில் வந்து நின்றன. பன்னிரண்டு பெண்களும் இறங்கினார்கள். தோயே கம்ப்ரசரை நிறுத்தினான்.

"ஏண்டா, உனக்குத் தெரியும்தானே?" என்றார் தப்சோபா.

"எது?"

"இது இப்படி ஆகும்னு."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏண்டா சொல்லல?"

தோயே ஸ்ப்ரே கன்னைக் கீழே வைத்தான். "சொன்னேனேக்கா! பிப்ரவரியில, உங்க வாசல்ல, தொப்பியைக் கழட்டிட்டு! நீங்க கூடப் பாதிக் கோலாக் கொட்டை குடுத்தீங்க!"

"அது நீ கேலி பண்ணினது."

"கேலி பண்ணலைன்னு சொன்னேன்."

"கேலி பண்ற எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. நெஜமாச் சொல்றதை நெஜமாச் சொல்லணும்."

"எப்படிச் சொல்லணும்னு சொல்லுங்க, இனிமே அப்படியே சொல்றேன்."

நியாயம் எதிர்ப்பக்கம் போகும்போது தப்சோபா குரலை உயர்த்துவது வழக்கம். "அதெல்லாம் எனக்குத் தெரியாது! ஒருத்தன் இருபது வருஷம்னு பலகை வெச்சு ஏமாத்தறான். ஒருத்தன் தெரிஞ்சுக்கிட்டே சிரிக்க வெச்சு ஏமாத்தறான். ரெண்டு பேரும் சேர்ந்து சரி பண்ணுங்க. ரெண்டு பேரையும் இழுத்துப் போட்டவ நான்தான்!"

இதில் பாதிதான் உண்மை. பொங்குங்குவை இழுத்துப் போட்டவர் அவர்தான்; தோயே பிறந்தது வேறு ஊரில். ஆனால் அதைத் திருத்தும் நேரம் அதுவாகத் தோன்றவில்லை.

எதிர்ச்சாரியில் கொட்டகையின் கதவு இரண்டு நாளாகச் சாத்தியிருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம், மின்சாரம் போய், தெருவே பாயை விரித்துப் படுத்திருந்த நேரத்தில் பொங்குங்கு சாலையைக் கடந்து வந்தான். கழுத்துத்துணி இல்லை. கையில் இரண்டு பாக்கெட் குளிர்ந்த செம்பருத்திச் சாறு. ஒன்றைத் தோயேயிடம் கொடுத்துவிட்டு, ஒரு கழற்றிய சக்கரத்தின் மேல் உட்கார்ந்தான்.

தோயே இந்த நாளுக்காகப் பதினைந்து வாரமாகச் சேர்த்து வைத்திருந்தான். முதல் கல்லை எறிந்தான்.

"வாங்க இத்தாலி! இருபது வருஷம் இவ்வளவு சீக்கிரம் முடிஞ்சிடுச்சா? எனக்கு நேத்துதான் மாதிரி இருக்கு."

பொங்குங்கு தன் சாற்றுப் பாக்கெட்டைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன, கழுதைக்கு இன்னைக்குக் கத்தத் தோணலையா?"

திட்டுக்குத் திட்டு வராதது தோயேவுக்குப் பயமாக இருந்தது. மோசிக்காரன் ஒருவன் வாங்கிக்கொண்டு சும்மா இருந்து அவன் பார்த்ததில்லை.

"பிரேஷாவுல ஒன்பது வருஷம் நான் என்ன செஞ்சேன் தெரியுமா?" என்றான் பொங்குங்கு, தரையைப் பார்த்தபடி. "கொக்கியில மாட்டினேன். தகடு வரும், எடுத்துக் கொக்கியில மாட்டுவேன். அது நகர்ந்து உள்ள போகும். அந்தப் பக்கம் பூசி, சுட்டு வரும். அதை இன்னொருத்தன் கழட்டுவான். ஒன்பது வருஷத்துல ஒருநாள் கூடப் பூசுற கன்னை என் கையில குடுத்ததில்ல. நின்னு பார்த்துக் கத்துக்கிட்டேன். பூசுறதும் சுடுறதும் கத்துக்கிட்டேன். பெட்டியில என்ன எழுதியிருக்குன்னு யாரு பார்த்தா? மூடப்போற ஒரு கம்பெனியில பாதி விலைக்குக் குடுத்தான். மாவுன்னா மாவுதானேன்னு வாங்கிட்டேன்."

"வீட்டுல தெரியுமா?"

"அவளுக்கு நான் அங்க இன்ஜினியர்."

தோயே சாற்றை உறிஞ்சினான். பதினைந்து வாரச் சேமிப்பில் எதையும் இப்போது செலவழிக்க முடியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். எல்லாமே இந்த ஆளுக்கு ரொம்பக் கனமாக இருந்தன.

"நீ நெஜமாத்தான் சொன்னியா அன்னிக்கு?" என்றான் பொங்குங்கு.

"ஆமா."

"எனக்கு ஒரு கணம் தோணிச்சு, நெஜமாத்தான் சொல்றியோன்னு. அப்புறம் நீ சாமோங்கறது ஞாபகம் வந்தது. நிம்மதியாப் போச்சு."

இதைக் கேட்டதும் தோயேவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான்; முடியவில்லை. பொங்குங்கு நிமிர்ந்து பார்த்தான்.

"எழுந்திருடா கொக்கி," என்றான் தோயே. "என் சக்கரத்து மேல உட்கார்ந்து வளைச்சிடப் போறே. ஒன்பது வருஷம் தகடு மாட்டினியே, ஒருநாளாவது உன்னையே மாட்டிக்கிட்டு உள்ள போயிருக்கக் கூடாதா? மூஞ்சிக்காவது ஒரு பூச்சு கிடைச்சிருக்குமில்ல?"

பொங்குங்குவின் வாய் ஓரம் அசைந்தது. "நாய்த்தலை தின்னு வளர்ந்தவனுக்கு மூஞ்சியைப் பத்தி என்ன தெரியும்," என்றான், கொஞ்சம் தயங்கி, காய்ச்சலிலிருந்து எழுந்தவன் முதல் கவளம் வாங்குவதுபோல.

"அது! இப்பத்தான் ஆள் மாதிரி இருக்கே."

சாயங்காலமே வேலையைத் தொடங்கினார்கள். பூச்சை முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாகப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்பது தோயேயின் திட்டம். பெயிண்ட் உரிக்கும் மருந்தைத் தடவினான். அவனுடைய பெயிண்ட் அந்த மருந்தின் வாசனைக்கே எழுந்து ஓடிவிடும். இது அசையவில்லை. இரண்டாம் தடவை தடவினான். பிளேடால் சுரண்டினான், பிளேடு மழுங்கியது. கம்பித் தூரிகையைக் கொண்டுவந்தான். ஒரு மணி நேரத்தில் ஒரு சிறிய காசு அளவு தகடு தெரிந்தது.

"என்ன மாவுடா இது?" என்றான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "மேல சுண்ணாம்பு, உள்ள கருங்கல்."

"விடாதுன்னு சொன்னேனில்ல."

"பெருமை வேற!"

மறுநாள் காலையில் அதே இடத்தை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தபோது தோயேவுக்கு, தான் எடுக்கப் பார்த்தது தன்னுடைய தொழிலில் இதுவரை கிடைக்காத பிரைமர் என்பது புரிந்தது. வெயில் கெடுத்தது மேல்தோலை மட்டும்தான். உள்ளே அது தகட்டோடு கல்யாணம் ஆனதுபோல ஒட்டியிருந்தது. அதை ஏன் எடுக்கவேண்டும்? உப்புத்தாளை நீரில் நனைத்து மேலோடு தேய்த்து, மாவைக் கழுவிவிட்டு, அதன்மேல் தன் நீலத்தை அடித்தான். நீலத்தின் மேல் நிறமில்லாத கிளியர் பூச்சு அடித்தான். இரண்டு நாள் காயவிட்டு ஆணியால் கீறிப் பார்த்தான். சுருள் கிளம்பவில்லை.

இரண்டு பேரும் சேர்ந்து பன்னிரண்டு வண்டிக்கும் மூன்று வாரம் உழைத்தார்கள். பெயிண்ட் வாங்கியது பொங்குங்கு, கை தோயேயுடையது. மருத்துவச்சிகள் ஒரு ஃபிராங்க்கூடக் கொடுக்கவில்லை. அவர்களிடம் கேட்கும் தைரியமும் இருவரிடமும் இல்லை. தேய்க்கிற வேலையில் பொங்குங்கு முதல் நாளே முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"இன்ஜினியருக்குத் தேய்க்கத் தெரியாதோ?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினான் தோயே. பொங்குங்குவின் மனைவி சாப்பாடு கொண்டுவந்திருந்த நேரம் அது. "எங்க ஊர்ல இன்ஜினியர்களுக்கு அடிமைங்கதான் தேய்ச்சுத் தருவாங்க," என்றாள் அவள். தோயே குனிந்து, பொங்குங்குவின் பங்கையும் சேர்த்துத் தேய்த்தான்.

ஜூனில் மழை வந்தது. செம்மண் குழம்பாகி, சரளை பறந்தது. தோயேயின் பெயிண்ட் வழக்கம்போல் அங்கங்கே சில்லு விட்டது. ஆனால் சில்லுக்குள் தெரிந்ததும் நீலம். துரு எட்டிப் பார்க்கவே இல்லை. செப்டம்பர் மாதம் தப்சோபா ஒரு பள்ளத்தில் வண்டியோடு விழுந்து எழுந்தார். இடுப்பில் காயம், வண்டிக்கு ஒரு கீறல். கீறலைப் பார்த்துவிட்டு, பேட்டை முழுவதும் ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தார்: "ஆயிரம் சொல்லு, அந்த இத்தாலி மாவுக்கு ஈடு கிடையாது."

"மேல இருக்கிறது என் பெயிண்ட்டு, அக்கா," என்றான் தோயே.

"ஆமாண்டா, நீ அப்படித்தான் சொல்வே," என்றார் அவர், பிரியமாக.

அடுத்த பிப்ரவரியில் பன்னிரண்டு ஸ்கூட்டர்கள் வரவில்லை. வர அவசியமில்லை, துடைத்ததும் ஊர்வலத்துக்குத் தயாராகிவிட்டன. வருடாந்திர வருமானத்தைத் தன் கையாலேயே மூன்று வாரம் உழைத்து ஒழித்துக்கட்டிய ஒரே பெயிண்டர் அநேகமாகத் தான்தான் என்று தோயே ஓதீலிடம் சொன்னான். அவள் அதை மறுக்கவில்லை. ஆனால் பட்டினி ஒன்றும் கிடக்கவில்லை. எதிர்ச்சாரிக்கு இருபது வருடப் பூச்சு கேட்டு வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேரின் வண்டி பிளாஸ்டிக் உடம்பு. அடுப்புக்குள் வைத்தால் கஞ்சியாகிவிடும். அவர்களையெல்லாம் பொங்குங்கு, "அங்க ஒரு சாமோ இருக்கான், சுமாரா அடிப்பான், வேற வழியில்ல, போங்க" என்று சிபாரிசு செய்து அனுப்பிவைத்தான்.

மார்ச் மாதம் பொங்குங்குவுக்குப் புது மாவு வந்தது. இந்தத் தடவை பெட்டியைத் திறப்பதற்கு முன் தோயேவைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினான். படத்தில் ஒரு தோட்டத்து வேலி, மேலே ஒரு சூரியன். சூரியன் இருப்பதால் தோயே ஒப்புதல் கொடுத்தான். முதல் சூட்டில் பொங்குங்கு கேட்காமலேயே தோயேயின் சொந்த வண்டியின் முன் மட்கார்டைக் கழற்றிக்கொண்டு போய்க் கருப்பாகச் சுட்டு மாட்டிவிட்டான். அந்தத் துருப்பிடித்த வண்டியில் அந்த மட்கார்டு மட்டும், கிழிந்த செருப்போடு வந்தவன் தலையில் புதுத் தொப்பி வைத்ததுபோல் இருந்தது.

ஏப்ரல் முழுக்கத் தோயே அதை வேண்டுமென்றே வெயிலில் நிறுத்தினான். மே மாதமும். தினம் காலையில் வீட்டு வாசலில், வண்டியைக் கிளப்புவதற்கு முன், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஆள்காட்டி விரலால் மட்கார்டை அழுத்தித் தேய்ப்பான். விரலைத் திருப்பிப் பார்ப்பான்.

"என்ன, ஏதாவது ஒட்டுதா?" என்று ஓதீல் உள்ளேயிருந்து கேட்பாள்.

"தூசி இருக்கு," என்பான் தோயே, சுத்தமாக இருந்த விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே.